அறலும் வெண்மணலும்: மாதவிடாய் நிறைவுக்குப் பிந்திய பெண் கூந்தலும் திருமுதுகுன்றத் தலமரபும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியம் பெண்ணின் கூந்தலை மிக விரிவாகப் பேசியுள்ளது. ஆயினும் அப்பேச்சு இளமைக் கூந்தலைப் பற்றியதாகவோ, களையப்பட்ட கூந்தலைப் பற்றியதாகவோ, முற்றிலும் நரைத்த கூந்தலைப் பற்றியதாகவோ அமைகிறது. மாதவிடாய் நிறைவை ஒட்டி, சுருள்முடி தன் ஈரமும் அடர்த்தியும் சுருளும் மாறிவரும் இடைக்காலம் இம்மரபில் பெயர் பெறவில்லை. மணிமேகலையில் வரும் நரைமூதாட்டி, தேரிகாதையில் தன்னைத் தானே வருணிக்கும் அம்பபாலி, விருத்தாசலத் தலமரபில் முதியவளாகத் தோன்றி வாதிடும் பெரியநாயகி ஆகிய மூவரையும் ஒப்புநோக்கி, முதுமையுறும் பெண்ணுடல் பிறரால் பேசப்படுவதற்கும் தானே பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வேறுபாடு இன்றைய கூந்தல் பராமரிப்பையும் உடல்நலத்தையும் தொடும் ஒன்று என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கூந்தல், சுருள்முடி, மாதவிடாய் நிறைவு, மணிமேகலை, அம்பபாலி, திருமுதுகுன்றம், கிழத்தி, பேரிளம்பெண்.

1. முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இன்று பீங்கான் நகரமாக அறியப்படுகிறது. பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் நிறுவனமும் அவ்வூருக்கு அப்பெயரை ஈட்டித் தந்தன. தேவாரம் அறிந்த பெயரோ முதுகுன்றம். பழமலை என்பதும் அதன் பெயரே. மூன்று பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டுவன. விருத்தம் என்றாலும் முதுமை என்றாலும் பழமை என்றாலும் ஆண்டு நிறைந்தமையே குறிக்கப்படுகிறது. அவ்வூர்க் கோயிலின் இறைவி விருத்தாம்பிகை, அதாவது முதியவள். தமிழில் அவள் பெரியநாயகி. அதே வளாகத்தில் பாலாம்பிகை எனும் இளையநாயகிக்கும் தனிச் சந்நிதி உண்டு. முதியவள் ஒருத்தியையும் இளையவள் ஒருத்தியையும் ஒரே இறைவியின் இரு நிலைகளாக வைத்து வழிபடும் ஓர் ஊர், பெண்ணின் முதுமை குறித்த இலக்கிய ஆய்வுக்குப் பொருத்தமான களமாகும்.

கூந்தல் என்னும் உறுப்பை இவ்வாய்வு தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. முதுமையின் முதல் அறிகுறி பெரும்பாலும் தலையிலேயே தெரிகிறது. பெண்ணின் நிலைமாற்றங்கள் அனைத்தையும் தமிழ்ப் பண்பாடு கூந்தலின் வழியே அறிவித்தும் வந்துள்ளது. மணம், பிரிவு, கைம்மை, துறவு, வஞ்சினம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கூந்தல் நிலை உண்டு. மாதவிடாய் நிறைவுக்கு மட்டும் அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. அந்த இன்மையின் காரணமும் விளைவும் இங்கு ஆராயப்படுகின்றன.

2. பருவப் பகுப்பில் ஒரு வெற்றிடம்

பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பாட்டியல் மரபு வகுத்தது. உலா இலக்கியங்கள் இப்பகுப்பையே தம் கட்டமைப்பாகக் கொண்டன. சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞான உலாவிலும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் இவ்வேழு பருவத்தாரும் உலாவரும் தலைவனைக் கண்டு மயங்குகின்றனர். பருவங்களுக்குரிய ஆண்டளவில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. எனினும் பரவலாக வழங்கும் கணக்கின்படி பேரிளம்பெண் பருவம் 32 முதல் 40 வயது வரையிலானது. அதற்கு மேல் பருவம் இல்லை.

இவ்வெல்லை நாற்பதில் நிற்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் தோன்றாதிருப்பதை மாதவிடாய் நிறைவு என மருத்துவம் வரையறுக்கிறது. உலகெங்கும் பெரும்பாலான பெண்களுக்கு அது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இயக்குநீர்களின் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடுகிறது. அதாவது, இலக்கியப் பருவக் கணக்கு முடியும் இடத்திலேயே உடலின் அடுத்த பருவம் தொடங்குகிறது. கடைசிப் பருவத்தின் பெயரும் இதையே காட்டுகிறது. ‘பேரிளம்பெண்’ என்னும் சொல்லின் நடுவே ‘இளமை’ விடாது பற்றிக்கொண்டிருக்கிறது. மகப்பேற்றுக்கும் காமத்திற்கும் உரியவளாக எண்ணப்படும் வரை பெண்ணுக்குப் பருவப்பெயர் வழங்கப்பட்டது. பிறகு அவள் நேரே மூதாட்டி ஆனாள்.

பூப்பு நிகழ்வதைத் தமிழ் விரிவாகப் பேசும். தொல்காப்பியக் கற்பியல் பூப்பு நாள்களின் கணக்கைத் தலைவனின் கடமையோடு இணைத்துக் கூறுகிறது. பூப்பு நிற்பதற்கு அத்தகைய இலக்கணம் இல்லை. வழக்கிலும் ‘நின்றுவிட்டது’ என்னும் வினையே கூறப்படும். எது நின்றது என்னும் எழுவாய் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ‘மாதவிடாய் நிறைவு’ என்பது பிற்கால ஆக்கச்சொல். ‘நிற்றல்’ என்பதற்கு மாற்றாக ‘நிறைவு’ என்று கூறியதில் ஒரு மதிப்பீட்டு மாற்றம் உள்ளது. எனினும் அச்சொல்லும் ஒரு முடிவைக் குறிக்கிறதே அன்றி, அம்முடிவுக்கு முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகள் நீளும் வாழ்வைக் குறிக்கவில்லை.

3. அறல்: கூந்தலின் இலக்கணமும் பராமரிப்பும்

சங்கப் பாடல்கள் கூந்தலுக்குக் கூறும் உவமைகளுள் சிறப்பானது அறல். ஆற்றுநீர் வடியும்போது கருமணலில் அலையலையாகப் படியும் நெளிவே அறல் எனப்படுவது. கருமை, குளிர்ச்சி, ஈரம், நெளிவு ஆகிய நான்கு பண்புகளையும் ஒருசேரத் தாங்கும் உவமை இது. நேராகத் தொங்கும் முடிக்கு இவ்வுவமை பொருந்தாது. நெளிவும் சுருளும் உள்ள முடிக்கே பொருந்தும். கூந்தலைக் குறிக்கும் ‘ஐம்பால்’ என்னும் சொல்லுக்கு உரைகாரர் காட்டும் ஐவகைகளும் இதற்குத் துணைநிற்கின்றன. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது ஒரு பட்டியல். மற்றொரு பட்டியலில் அளகம் இடம்பெறுகிறது. வடமொழியில் அளகம் என்பதும் சுருண்ட முடியையே குறிக்கும். ஆகவே சுருள்முடியைக் குறையாகக் கருதி நீட்டி நேராக்க முனையும் இன்றைய அழகுநிலைய மனப்பான்மைக்குப் பழந்தமிழ் அழகியலில் இடமில்லை எனத் துணியலாம்.

கூந்தல் பராமரிப்பு பற்றிய மிக நுணுக்கமான பகுதியைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை தருகிறது. கோவலனின் ஊடல் தீர்க்க மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடம் அது. பத்து வகைத் துவர்ப்பொருள்களும் ஐந்து வகை மணப்பொருள்களும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில் அவள் நெய்பூசிய கூந்தலை நீராட்டுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், பின்னர்க் கூந்தலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். இளங்கோவடிகள் கூறும் இவ்வரிசை கவனத்திற்குரியது. நெய், ஊறல்நீர், மென்மையான உலர்த்தல், பகுதி பிரித்துப் பூசுதல் ஆகிய நான்கும் சுருள்முடியைப் பேணுவோர் இன்றும் பின்பற்றும் படிநிலைகளோடு ஒத்துச் செல்கின்றன.

ஆனால் இப்பராமரிப்பின் நோக்கம் கோவலன். கூந்தல் யாருக்காகப் பேணப்பட்டதோ அவன் நீங்கியதும் பேணுதலும் நீங்குகிறது. துறவின் அடையாளமாகக் கோதையும் குழலும் ஒருசேரக் களையப்படுவதைச் சிலம்பின் பிற்பகுதி கூறும். புறநானூற்றுக் கைம்மைப் பாடல்களில் கணவனை இழந்தவளின் கூந்தல் கொய்யப்படுகிறது. எனவே மரபில் கூந்தலுக்கு இரண்டு நிலைகளே தெளிவாக உள்ளன: ஆணின்பொருட்டுப் புனையப்படுவது, ஆண் இல்லாமையால் களையப்படுவது. பெண் தன் உடலின் தேவை கருதித் தானே பேணிக்கொள்ளும் மூன்றாம் நிலைக்கு இலக்கியச் சான்று காண்பது அரிது.

நடுவயதுப் பெண்ணை அக இலக்கியம் செவிலியாகக் காட்டுகிறது. நற்றிணை 110ஆம் பாடலில் போதனார் காட்டும் செவிலியர் நரைகலந்த கூந்தலர். தேன்கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, உண்ண மறுத்தோடும் சிறுமியின் பின்னே ஓடி மெலிந்து போகின்றனர். அவர்களுடைய நரை அவர்களது உழைப்பின் அடைமொழியாக வருகிறது. ஓடிக் களைத்த பின் அக்கூந்தலுக்கு நெய் பூசியவர் எவர் என்னும் வினா பாடலுக்கு வெளியே நிற்கிறது.

4. வெண்மணல்: மணிமேகலையின் மூதாட்டி

அறல் என்னும் உவமை முதுமையில் என்ன ஆகிறது என்பதை நேரடியாகக் காட்டும் பகுதி மணிமேகலையின் இருபதாம் காதையில் உள்ளது. காயசண்டிகையின் உருவில் இருக்கும் மணிமேகலை, தன்மீது வேட்கை கொண்டு வரும் உதயகுமரனுக்கு அங்கிருந்த நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக் காட்டுகிறாள். உறுப்பு உறுப்பாக அவளுடைய அழிவை எண்ணிச் சொல்கிறாள். முதலில் கூறப்படுவது கூந்தல். குளிர்ந்த கருமணல் போன்றிருந்த அது நிறம் திரிந்து வெண்மணலாகிவிட்டது. வில் போன்ற புருவம் காய்ந்த இறால் போலாயிற்று. முத்து வரிசை போன்ற பல் சுரைவிதை போல் பிறழ்ந்தது. இவ்வாறு தொடரும் பட்டியலின் நோக்கம் யாக்கை நிலையாமையை இளவரசனுக்கு உணர்த்துவதாகும்.

சாத்தனாரின் உவமை மாற்றம் மிகச் செறிவானது. அறலும் மணல்தான், வெண்மணலும் மணல்தான். ஆற்றின் நீர் வற்றிய பிறகு அதே மணல் வெளிறிக் கிடக்கிறது. கூந்தலின் முதுமையை நிறமாற்றமாக மட்டும் கவிஞர் காணவில்லை. ஈரம் நீங்கியதாகவும் கண்டுள்ளார். இன்றைய தோலியல் மருத்துவம் கூறும் வறட்சியோடு இக்காட்சி ஒத்துப்போகிறது.

ஆயினும் இப்பகுதியின் அறவியல் சிக்கலைத் திறனாய்வு கடந்து செல்ல இயலாது. அம்மூதாட்டிக்குப் பெயர் இல்லை. ஒரு சொல்லும் இல்லை. தன்னைச் சுட்டி இவ்வளவும் பேசப்படும்போது அவள் என்ன எண்ணினாள் என்பதும் இல்லை. கதைப்போக்கிலும் அவள் கருதப்படவில்லை. இவ்வுரையாடலைக் கண்டுகொண்டிருந்த விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவி காயசண்டிகை வேற்றானோடு உறவாடுவதாகப் பிறழ உணர்ந்து உதயகுமரனை வாளால் எறிகிறான். சுட்டிய விரலையும் சுட்டக் கேட்டவனையும் பார்த்த அவன் கண் சுட்டப்பட்டவளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்திருந்தால் அவ்வுரையாடல் காதற்பேச்சு அன்று என அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

பேசுபவள் பெண், நோக்கம் துறவறம், ஆகவே இதில் இழிவு நோக்கம் இல்லை என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. மணிமேகலை தன் இளமையையும் இதே கணக்கில் வைத்தே பேசுகிறாள். எனினும் நிலையாமை ஆணுடலுக்கும் பொதுவானதாக இருக்க, சான்றாக நிறுத்தப்பட்டது மூதாட்டியின் உடல் என்பதை அம்மறுப்பு விளக்கவில்லை. ஆணின் நரை சங்கப் பாடல்களில் நடத்தப்படும் முறையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். ஆண்டுகள் பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணத்தைப் புறநானூறு 191இல் பிசிராந்தையார் தாமே விடையாகக் கூறுகிறார்: மாண்புடைய மனைவி, நிறைந்த மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், காக்கும் வேந்தன், சான்றோர் வாழும் ஊர். புறநானூறு 243இல் தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றிய நிலையில் தம் இளமையைத் தாமே நினைந்து இரங்குகிறார். முதிய ஆண் தன்கூற்றில் பேசுகிறான். முதிய பெண்ணும் புறநானூற்றில் பேசப்படுகிறாள், சிலபோது பேசவும் செய்கிறாள். ஆனால் பேச்சின் பொருள் மகன். காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகை என்கிறாள் (புறம். 86). கொக்கின் தூவி போல் வெளுத்த கூந்தலையுடைய முதியவள் தன் மகன் களிறு எறிந்து பட்டதைக் கேட்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள் (புறம். 277). அவளது நரைக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பு மகன் வழியே வந்து சேர்கிறது.

5. அம்பபாலியின் தன்கூற்று

மணிமேகலை சார்ந்துள்ள பௌத்த மரபிலேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. பாலி மொழியிலுள்ள தேரிகாதையில் அம்பபாலியின் பெயரால் 19 செய்யுள்கள் உள்ளன. வைசாலியின் கணிகையாக இருந்து பிக்குணியான அவள், தன் உடல் முதுமையில் அடைந்த மாற்றத்தை உறுப்பு உறுப்பாகக் கூறுகிறாள். அமைப்பு முறையில் மணிமேகலைப் பகுதிக்கு மிக நெருங்கியது இது. முன்பு எவ்வாறிருந்தது, இப்போது எவ்வாறுள்ளது என்னும் இணைவே இரண்டிலும் அடிப்படை. இரண்டும் கூந்தலிலேயே தொடங்குகின்றன.

வேறுபாடு இரண்டு. முதலாவது, அம்பபாலி கூந்தலைப் பற்றி ஒரு செய்யுளோடு நிற்பதில்லை. முதல் நான்கு செய்யுள்களையும் அதற்கே தருகிறாள். முதல் செய்யுளில் வண்டின் நிறமும் சுருண்ட நுனியும் கொண்டிருந்த முடி முதுமையால் சணல்நார் போலாயிற்று. இரண்டாவதில் மலர்மணம் கமழ்ந்த கூந்தல் விலங்கின் மயிர் நாறுகிறது. மூன்றாவதில் நன்கு நட்டு வளர்த்த சோலை போல் அடர்ந்து, சீப்பாலும் ஊசியாலும் வகிர்ந்து முடிக்கப்பட்டது அங்கங்கே அருகிப்போயிற்று. நான்காவதில் பொன்னணி சூடிய பின்னல் இருந்த தலை வழுக்கையாயிற்று. சுருளும் இழைநயமும், மணம், அடர்த்தி, இழப்பு என நான்கு தனி மாற்றங்களை அவள் பிரித்தறிகிறாள். சாத்தனார் நிறத்தையும் ஈரத்தையும் கண்டார். அம்பபாலி தொட்டும் முகர்ந்தும் சீவியும் அறிந்ததைச் சொல்கிறாள். பிறர் கண்ணுக்குத் தெரிவது நரை. சுருள்முடி நாராக மாறியதை அதில் விரல் நுழைத்தவளே அறிவாள்.

இரண்டாவது, அவளுடைய சொற்கள் தன்னைப் பற்றியவை. மணிமேகலையில் மூதாட்டி சான்றுப்பொருள். தேரிகாதையில் முதியவளே சான்று கூறுபவள். நிலையாமை என்னும் கருத்து இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒன்றில் அது வேறொருத்தியின் உடல்மீது ஏற்றிக் கூறப்படுகிறது. மற்றொன்றில் வாழ்ந்து அறியப்படுகிறது.

தமிழில் இத்தன்கூற்றுக்கு மிக அணித்தாக வருபவர் காரைக்காலம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய முலையும் புடைத்த நரம்பும் சிவந்த தலைமயிரும் கொண்ட பெண்பேயை அவர் பாடுகிறார். எண்ணெய் காணாத முடி செம்பட்டையாகும் என்னும் அன்றாட அறிவு அவ்வருணனையில் உள்ளது. பதிகத்தின் நிறைவில் தம்மையும் காரைக்கால் பேய் என்றே குறித்துக்கொள்கிறார். பிறர் அஞ்சும் உடலைத் தம் பெயராக ஏற்றமை தமிழ் மரபில் பெரும் துணிவு. ஆனால் அதற்கு அவர் தந்த விலை மானுட உடலையே உதறுவது. மானுடப் பெண்ணாகவே முதிர்ந்து, அவ்வுடலைப் பேணியும் வாழ்வதற்கான சொல் இங்கும் கிடைக்கவில்லை.

6. கிழத்தி: திருமுதுகுன்றத்து மறுமொழி

விருத்தாசலத்துடன் தொடர்புடைய இரு மரபுக்கதைகள் இவ்விடத்தில் பொருள் பெறுகின்றன. முதலாவது சுந்தரரைப் பற்றிய செவிவழிக் கதை. ஊரும் பழையது, இறைவனும் முதியவன், இறைவியும் முதியவள் எனக் கருதிச் சுந்தரர் இத்தலத்தைப் பாடாமல் கடந்தார் என்றும், மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் வேடனாக வந்து அவர் பொருளைப் பறித்துத் தலத்திற்குத் திரும்பச் செய்தார் என்றும் அது கூறும். முதுமையைப் பாடத் தகாததாகக் கருதியது தவறெனத் தலமரபே தீர்ப்புரைக்கும் கதை இது.

இரண்டாவது கதை குரு நமசிவாயரைப் பற்றியது. திருவண்ணாமலைக் குகை நமசிவாயரின் மாணவரான அவர், தில்லைக்குச் செல்லும் வழியில் விருத்தாசலத்தில் தங்கினார். பசி மிக்கபோது பெரியநாயகியைக் ‘கிழத்தி’ என விளித்து உணவு வேண்டி வெண்பாப் பாடினார். இறைவி முதியவளாகத் தோன்றினாள். கிழவி எவ்வாறு நடந்துவந்து நீரும் சோறும் கொண்டுவர இயலும், இளமையாகப் பாடுக என்று கூறினாள். அவர் அவ்வாறே பாட, இளமங்கையாக வந்து அமுது படைத்தாள். இளையநாயகி சந்நிதிக்கு இக்கதையே அடிப்படையாகக் கூறப்படுகிறது.

கதையின் முடிச்சு ஒரு சொல்லில் உள்ளது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்பன தலைவனையும் தலைவியையும் குறிப்பன. கிழமை என்பது உரிமை. உரிமை உடையவளே கிழத்தி. இறைவனின் இடப்பாகத்திற்கு உரியவள் என்னும் பொருளில் இறைவிக்கு அச்சொல் முற்றிலும் பொருந்தும். பிற்கால வழக்கில் கிழவன், கிழவி என்னும் சொற்கள் முதியோரைக் குறிக்கலாயின. காலப்போக்கில் இகழ்ச்சியும் ஏறியது. குரு நமசிவாயரின் பாடல் இவ்விரு பொருளுக்கும் இடையே நிற்கிறது. உரிமையைச் சுட்டிய சொல் எவ்வாறு இயலாமையைச் சுட்டுவதாயிற்று என்னும் சொல்வரலாறு முழுவதும் அவ்வொரு விளியில் அடங்கியுள்ளது.

இக்கதையை இருவகையாக வாசிக்க இயலும். தெய்வமே ஆயினும் பெண் இளமையோடு இருந்தால்தான் ஏற்கப்படுவாள், அதுவும் சோறு படைப்பதற்கே என்பது ஒரு வாசிப்பு. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் மறைந்தபின் நீண்ட காலம் வாழ்ந்து பல கோயில்களைக் கட்டியவர். முதிர்ந்த வயதில் செயலாற்றிய அவ்வரசியின் உருவமாகச் சிலர் கருதும், வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்துச் செப்புத்திருமேனியும் இளமைத் தோற்றமே கொண்டுள்ளது. செயலுக்கு முதுமையும் வடிவுக்கு இளமையும் என மரபு பங்கிட்டுக்கொண்டமைக்கு அது ஒரு சான்றாகலாம்.

மற்றொரு வாசிப்பு இறைவியின் மறுமொழியைக் கூர்ந்து நோக்குவது. அவள் தன் தோற்றம் பழிக்கப்பட்டதாகச் சினக்கவில்லை. நரையை மறைக்கவில்லை, அழகு குன்றியதாக வருந்தவுமில்லை. அவள் கேட்டது நடைமுறை வினா: இந்த உடலிடம் இந்த வேலையைக் கேட்பது எவ்வாறு முறையாகும்? நற்றிணைச் செவிலியர் கேளாதுவிட்ட வினா இது. மணிமேகலையின் மூதாட்டிக்கு வாய்க்காத வாய்ப்பு இது. தன்னைக் குறித்த சொல்லைத் திருத்தும் உரிமையை முதியவள் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். அவள் இளையவளான பின்னும் முதியவளின் சந்நிதி நீக்கப்படவில்லை. தலத்தின் தலைமை இறைவி இன்றும் பெரியநாயகியே. ஆகவே முதுமையை இளமை வென்ற கதையாக இதனைக் கொள்வதைவிட, முதுமை தன் தேவையைத் தானே எடுத்துரைத்த கதையாகக் கொள்வது தலத்தின் வழிபாட்டு நடைமுறைக்கு இயைந்தது.

7. உடலியல் உண்மையும் இன்றைய பராமரிப்பும்

இத்தன்கூற்றின் தேவை இன்றைய உடல்நலத்தோடு நேரடித் தொடர்புடையது. மாதவிடாய் நிறைவை ஒட்டி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவுகள் குறைகின்றன. முடியின் வளர்ச்சிக்காலம் சுருங்குகிறது; முடியிழை மெலிகிறது; தலைத்தோலின் நெய்ச்சுரப்பும் குறைகிறது. நேர்முடியில் அந்நெய் வேரிலிருந்து நுனிவரை எளிதில் இறங்கும். சுருள்முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடை. எனவே சுருள்முடியுடைய பெண்ணுக்கு இப்பருவத்தின் வறட்சி கூடுதலாகவே தெரியும். சுருள் தளர்வதும் ஒரே தலையில் இடத்துக்கு இடம் சுருளின் தன்மை மாறுவதும் உண்டு. அறல் வெண்மணலாவதும் சுருண்ட நுனி சணல்நாராவதும் கவிஞரின் மிகை அல்ல.

பேணும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும். பீங்கான் தொழில் அறிந்த ஊருக்கு ஈரத்தின் இயல்பு புதிதன்று. பச்சைமண் கலத்தின் ஈரம் சீராக வெளியேறாவிடில் சூளைக்குப் போகுமுன்பே விரிசல் காணும். முடியிலும் ஈரத்தைக் காப்பதே முதற்பணி. தலைக்குக் குளிக்குமுன் எண்ணெய் தடவுதல், மென்மையான ஷாம்பூவை அளவோடு பயன்படுத்தல், கண்டிஷனர் தடவிய ஈரமுடியில் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல், உலர்ந்த சுருளை வாராதிருத்தல், சூடான கருவிகளைக் குறைத்தல் ஆகியவை பொதுவாக ஏற்கப்பட்டவை. தேங்காயெண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அவ்வாற்றல் இல்லை என்றும் 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. மெலிந்த முடியை இறுகப் பின்னுவதும் இழுத்துக் கொண்டை போடுவதும் வேரைத் தளர்த்தும். சூளையின் அனலருகே தலைத்துணி கட்டி உழைக்கும் நடுவயதுப் பெண்ணுக்கு, உடலுக்குள்ளிருந்து எழும் வெப்பப் பெருக்கும் வியர்வையும் சேரும்போது இவை அழகுக்குரியன அல்ல, அன்றாடத் தேவை.

பேசாமையால் நேரும் கேடு இதனினும் பெரிது. மாதவிடாய் நிறைவை ஒட்டிய ஆண்டுகளில் மிகுந்த உதிரப்போக்கால் இரும்புச்சத்து குறையலாம். தைராய்டு கோளாறும் அவ்வயதில் தோன்றலாம். இரண்டாலும் முடி உதிரும். இரண்டும் சிகிச்சையால் சீராகக் கூடியவை. நெற்றியோரத் தலைமுடி பின்வாங்கித் தழும்பாகும் முடியிழப்பு வகை ஒன்று, மாதவிடாய் நிறைவுற்ற பெண்களிடம் 1994இல் முதன்முதலாக மருத்துவ நூல்களில் விவரிக்கப்பட்டது. தழும்பான இடத்தில் முடி மீளாது என்பதால் அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும். ‘வயதானால் கொட்டத்தானே செய்யும்’ என்னும் ஒற்றை வாக்கியம் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறது. தலையினின்று வீழ்ந்த மயிரை நிலைதாழ்ந்த மாந்தருக்கு உவமையாக்கினார் வள்ளுவர். உதிரும் முடியைப் பற்றிப் பேசவே பெண் கூசுவதற்கு, உதிர்வை இழிவோடு இணைத்த இத்தகைய பண்பாட்டு உணர்வும் ஒரு காரணமாகலாம்.

அம்பபாலியின் நான்கு செய்யுள்களை ஒரு நோயாளி மருத்துவரிடம் கூறும் விவரமாக எண்ணிப் பார்த்தால் தன்கூற்றின் பயன் விளங்கும். சுருள் மாறியதா, நாற்றம் உண்டா, அடர்த்தி எங்கே குறைந்தது, எவ்விடத்தில் முற்றிலும் போயிற்று என்பன மருத்துவர் கேட்கவேண்டிய வினாக்களே. ‘நரைத்துவிட்டது’ என்னும் பிறர்கூற்று இவற்றுள் ஒன்றுக்கும் விடை தராது.

8. முடிவுரை

ஏழு பருவங்களாகப் பெண்ணை வகுத்த தமிழ் இலக்கிய இலக்கணம் நாற்பதில் நின்றது. அதனால் மாதவிடாய் நிறைவை ஒட்டிய நீண்ட வாழ்காலம் பெயரின்றிப் போயிற்று. சுருள்முடியை அறலாகப் போற்றிய அழகியல், அது மாறும்போது வெண்மணல் எனச் சுட்டிக் காட்டியதோடு அமைந்தது. சுட்டியது துறவின் பொருட்டாயினும் சுட்டப்பட்டவள் பேசவில்லை. அம்பபாலி பேசினாள், அவள் பேச்சில் மாற்றங்கள் நுண்ணிதாக வேறுபிரிக்கப்பட்டன. திருமுதுகுன்றத்துப் பெரியநாயகி பேசினாள். அவள் பேச்சில் முதுமையின் தேவை வினாவாக எழுந்தது.

சமகாலப் பெண் எழுத்து இவ்விடைவெளியை நிரப்பத் தொடங்கியுள்ளது. ஒருபோதும் பூப்படையாத தங்கம் அத்தையின் உடலை அம்பை ‘காட்டில் ஒரு மான்’ சிறுகதையில் குறையற்ற உடலாக எழுதியது, பூப்பைக் கொண்டே பெண்ணை அளக்கும் கணக்கை மறுத்த முன்னோடி முயற்சி. பூப்பு நின்ற உடலைப் பற்றிய எழுத்துகளும் அவ்வழியில் தனியே தொகுத்து ஆராயப்படவேண்டும். நாட்டார் வழக்காற்றிலும் சித்த மருத்துவச் சுவடிகளிலும் நடுவயதுப் பெண்ணின் கூந்தல் பேணுதல் பற்றிய சொற்கள் உளவா என்பதும் தேடத்தக்கது.

கிழத்தி என்றால் உரிமையுடையவள். பெரியநாயகி குரு நமசிவாயரிடம் கேட்ட வினாவில் அவ்வுரிமை உள்ளது. தன் உடல் எவ்வாறு உள்ளது, அதற்கு என்ன வேண்டும் என்பதைத் தானே சொல்லும் உரிமை அது. ஐம்பதை நெருங்கும் பெண்ணொருத்தி தன் சுருள்முடி நாராகிவருவதை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூசாமல் எடுத்துரைப்பாளாயின், அச்சொல் தன் பழைய பொருளை மீளப் பெறும்.